சைகோன் மாரியம்மனைப் பார்த்து வரலாமா?

சைகோன் என்றதும் அறுபதைத் தாண்டியவர்களுக்கு யுத்தம்தான் ஞாபகம் வரும். காலையில் டீக்கடையில் பேப்பரைப் பிரித்தால் முதல் பக்கத்தில் சைகோன். இரவு ரேடியோச் செய்தியில் சைகோன். குண்டு, விமானம், அகதிகள். 1975 ஏப்ரல் 30ந் தேதி யுத்தம் முடிந்தது. மறு வருஷம் ஜூலையில் ஊரின் பெயரும் மாறி ஹோ சி மின் நகரம் ஆயிற்று. ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் பேச்சில் இன்றும் சைகோன் என்றே சொல்கிறார்கள். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

அந்தப் பெயர் இப்போது வேறு காரணத்துக்காகக் காதில் விழுகிறது. சிங்கப்பூரும் பாங்காக்கும் அலுத்துப் போனவர்கள் வியத்நாமுக்கு டிக்கெட் எடுக்கிறார்கள். மும்பையிலிருந்து சைகோனுக்கு 2022ல் நேர் விமானம் விட்டார்கள். திருச்சியிலிருந்து 2023 நவம்பரில் தொடங்கினார்கள். போதாக்குறைக்கு வியத்நாமின் வின்ஃபாஸ்ட் கம்பெனி தூத்துக்குடியிலேயே மின்சாரக் கார் தொழிற்சாலை கட்டி, 2025 ஆகஸ்டு 4ந் தேதி திறந்தும் விட்டது. கார்த் தொழிற்சாலைச் சங்குக்கு எழுந்து, கார்த் தொழிற்சாலைச் சங்குக்குப் படுக்கும் பிம்ப்ரி-சிஞ்ச்வட் தமிழர்கள் அந்தச் செய்தியைக் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் சைகோனுக்குத் தமிழன் போவது இது முதல் தடவை அல்ல. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே நம்மவர்கள் அங்கே போனார்கள். கடை வைத்தார்கள், வட்டிக்குக் கொடுத்தார்கள், போலீசிலும் சுங்கத்திலும் சேர்ந்தார்கள், மூன்று கோவில்களும் ஒரு மசூதியும் எழுப்பினார்கள். பிறகு ஏறக்குறைய எல்லோரும் ஊர் திரும்பிவிட்டார்கள். கோவில்கள் மட்டும் அங்கேயே நிற்கின்றன.

பிழைக்கப் போன ஊரில் மாதச் சம்பளத்தில் பத்தும் இருபதும் பிடித்துக் கொடுத்து ஒரு கோவில் கட்டுகிறோம். கட்டியவர்கள் ஒருநாள் இல்லாமல் போனால் அந்தக் கோவில் என்ன ஆகும்? ரிட்டையரானதும் திருநெல்வேலிக்கோ சேலத்துக்கோ போய்விடுவதாகச் சொல்லிக் கொண்டே முப்பது வருஷமாகப் புனா ஜில்லாவில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கைக் கேள்வி அல்ல. சைகோனில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

அம்மன் சன்னதியில் அந்த ஊர் ஜனங்கள்

நகரின் நடுவில் பென் தான் சந்தை. 1914ல் திறந்த பெரிய சந்தை. மணிக்கூண்டு வைத்த முகப்பு. அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் ட்ரூங் டின் என்றொரு தெரு. போகும்போதே கோபுரம் கண்ணில் படுகிறது. வண்ணம் பூசிய சுதைச் சிற்பங்கள், மதில் சுவர், வாசலில் பூவும் ஊதுவத்தியும் விற்கும் பெண்கள். விற்கிறவர்கள் வியத்நாமியர்கள். வாங்குகிறவர்களும் பெரும்பாலும் வியத்நாமியர்கள்தான்.

இதுதான் சைகோன் மாரியம்மன் கோவில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழர்கள் கட்டியது. கருவறையில் மாரியம்மன், இரு பக்கமும் மதுரை வீரனும் பேச்சியம்மனும். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் மதுரை வீரனைக் காவலுக்கு வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்! கட்டியவர்கள் எல்லோரும் மாளிகைவாசிகள் அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கிராமத்து எல்லைச் சாமியை மூட்டையில் கட்டிக் கொண்டு போனவர்கள் யார் என்று நமக்குத் தெரியாதா?

ஆனால் கும்பிடும் முறை வேறு. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, விபூதி வாங்கும் வழக்கம் அங்கே வருகிறவர்களுக்குப் பழக்கமில்லை. புத்தர் கோவிலில் செய்வதைப் போலவே கையில் ஊதுவத்தியை உயர்த்திப் பிடித்து மூன்று தடவை தலை வணங்குகிறார்கள். மல்லிகை வைக்கிறார்கள், லில்லிப் பூ வைக்கிறார்கள். பிறகு ஒரு காரியம் செய்கிறார்கள், அதைத்தான் புதிதாகப் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அம்மனுக்குப் பின்புறம் போய், கருங்கல் சுவரில் நெற்றியை அழுத்தி, இரண்டு கையையும் பதித்து, கல்லோடு ரகசியம் பேசுவதுபோல் முணுமுணுக்கிறார்கள். வியாபாரம், கல்யாணம், பிள்ளை வரம், பரீட்சை. அம்மன் காதில் நேரே போய் விழுகிறதாம். இந்தியப் பெண் தெய்வத்தின் கோவில் என்று பொருள்படும் பெயரால் இதை அவர்கள் அழைக்கிறார்கள். சக்தி வாய்ந்தவள் என்ற நம்பிக்கை வியத்நாமியருக்கு மட்டுமல்ல, அங்கே குடியேறிய சீனருக்கும் உண்டு.

இடையில் ஒரு கஷ்ட காலமும் இருந்தது. 1975க்குப் பிறகு கோவிலின் ஒரு பகுதியில் ஊதுவத்தித் தொழிற்கூடமும், இன்னொரு பகுதியில் கடல் மீன் பதப்படுத்தும் நிறுவனமும் நடந்தன என்றும், கூரையின் மேல் மீன் காய்ந்தது என்றும் அக்காலத்துப் பிரயாண வழிகாட்டி நூல்கள் எழுதி வைத்திருக்கின்றன. அம்மன் அதையும் தாண்டி வந்துவிட்டாள். தமிழர் கூட்டம் போய்விட்டது, சரி. சன்னதியில் விளக்கு அணையவில்லை. ஏற்றுகிற கை மாறியிருக்கிறது.

மற்ற இரண்டும் முருகன் கோவில்கள். நாம் கீ கோய் ஙியா என்ற பெரிய சாலையில் இருக்கும் சுப்பிரமணிய சுவாமி கோவில் சிறியது. பஸ்ஸில் போகிறவர்கள் கவனிக்காமல் தாண்டிவிடக் கூடும். மூன்றாவது, தோன் தாட் தியெப் தெருவில் உள்ள தெண்டாயுதபாணி கோவில். அதற்கு ஒரு கதை உண்டு.

கிட்டங்கித் தெரு

பிரெஞ்சுக்காரர்கள் சைகோனைப் பிடித்தது 1859ல். புதுச்சேரியும் காரைக்காலும் ஏற்கெனவே அவர்கள் கையில். ஆட்சி நடத்த ஆள் வேண்டும். கடை நடத்த ஆள் வேண்டும். கடன் கொடுக்க ஆள் வேண்டும். மூன்றுக்கும் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து ஆள் கிளம்பிற்று.

தோன் தாட் தியெப் தெருவுக்கு அப்போது பெயர் ஓயியே வீதி. செட்டிநாட்டு நகரத்தார்களின் கிட்டங்கிகள் இருந்த இடம் அது. கிட்டங்கி என்றால் பிம்ப்ரியில் பலருக்குப் புரியாமல் இருக்கலாம். ஒரே நீளமான கட்டடம். பகலில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாய், ஒரு கைப்பெட்டி, ஒரு மேஜை: அதுதான் ஆபீஸ். இரவில் பாயை விரித்தால் அதுவே படுக்கை. பின்கட்டில் பொதுச் சமையல். குடும்பம் காரைக்குடிப் பக்கத்தில். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் ஊர்ப் பயணம். எட்டுக்குப் பத்து ரூமில் நாலு பேர் தங்கி, ஷிப்டு மாறிப் படுத்து, மெஸ்ஸில் சாப்பிட்டு ஊருக்கு மணியார்டர் அனுப்பியவர்களுக்கு இந்த வாழ்க்கையை விளக்கத் தேவையில்லை. வித்தியாசம் ஒன்றுதான்: அந்தப் பாய்களில் புரண்ட பணம் லட்சக் கணக்கு.

மீகாங் நதி பாயும் தெற்குப் பகுதி முழுவதும் நெல் வயல். விவசாயிகளுக்கும் நிலச்சுவான்தார்களுக்கும் நடவுக்கும் நிலம் திருத்தவும் பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் நகரத்தார்கள். 1930ல் உலகச் சந்தை முழுவதும் படுத்தபோது நெல் விலை பாதாளத்துக்குப் போயிற்று. வாங்கிய கடன் திரும்பவில்லை. அடமானம் வைத்த நிலங்கள் கைமாறின. அந்த நாட்டு விவசாயி செட்டியாரை அன்போடு நினைத்துக் கொண்டிருந்தான் என்று எழுதினால் அது பொய். ஆனால் அதே பணத்தில் ஒரு பங்கு மகமையாகப் போய் முருகன் கோவிலாக நின்றது என்பதும் உண்மை. பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன் என்று போன இடமெல்லாம் தண்டாயுதபாணியைக் கூடவே அழைத்துப் போன கூட்டம் அது.

அந்தக் கோவிலுக்குள் நுழைந்தால் வெளியே சைகோன் இருப்பதே மறந்துவிடும். தரை முழுக்கப் பழைய காலத்துப் பூ வேலைப்பாட்டு ஓடுகள். சுவரில் கண்ணாடி போட்ட சாமிப் படங்கள். மேலே தொங்கும் விளக்குகள். படியேறி மொட்டை மாடிக்குப் போனால் கோபுரம் ஒரு பக்கம். சற்றுத் தள்ளி, 2010ல் கட்டி முடித்த 68 மாடி பிடெக்ஸ்கோ கோபுரம். இரண்டையும் ஒரே போட்டோவில் பிடிக்கலாம். கிட்டங்கிகள் இல்லை. தெருவில் துணிக்கடையும் காப்பிக் கடையும்தான்.

நகரத்தார்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் மற்றவர்களை மறந்துவிடுகிறார்கள். பெருந்தொகையாகப் போனவர்கள் புதுச்சேரி, காரைக்கால் ஆட்கள். 1881ல் பிரெஞ்சு சர்க்கார் ஒரு உத்தரவு போட்டது. தன் ஜாதி மத வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு, பிரெஞ்சு வழக்கப்படி ஒரு குடும்பப் பெயரும் வைத்துக் கொண்டால் போதும். அப்படிக் கையெழுத்துப் போட்டவர்களில் தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் கிறிஸ்தவர்களும் நிறைய. ஊரில் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவர்களின் பிள்ளைகள் சைகோனில் தொப்பி வைத்த போலீஸ்காரர், சுங்க குமாஸ்தா, தபால் உத்தியோகஸ்தர், சிறைக் காவலர் ஆனார்கள்.

குமாஸ்தா என்று சொன்னபின் சம்பளத்தைச் சொல்லாமல் விடலாமா? பிரெஞ்சுப் பிரஜை என்று காகிதத்தில் இருந்தாலும் சம்பளப் பட்டியல் தயாரிக்கும்போது அவர்களை வேறு வரிசையில் வைக்கவே மேலிடம் பார்த்தது. ஐரோப்பியருக்குள்ள சம்பளமும் சலுகையும் தங்களுக்கும் வேண்டும் என்று அவர்கள் மனுவுக்கு மேல் மனுப் போட்டார்கள். வருஷக் கணக்காக மல்லுக்கு நின்றார்கள். அவர்களுக்கு ஓட்டுரிமையும் இருந்தது. சொந்த மண்ணுக்காரனான வியத்நாமியருக்குப் பெரும்பாலும் இல்லாத உரிமை அது. அங்கிருந்த மனக்கசப்பில் இதற்கும் பங்கு உண்டு.

துணிக்கடைகள் தமிழ் முஸ்லிம்களின் கையில். காரைக்கால், கூத்தாநல்லூர் பக்கத்து வியாபாரிகள். இன்று டோங் கோய் என்று பெயர் பெற்று, நட்சத்திர ஓட்டல்கள் வரிசை கட்டி நிற்கும் தெரு அக்காலத்தில் கத்தினா வீதி. பட்டும் பருத்தியும் அங்கே விற்றவர்கள் இவர்கள். அதன் பக்கத்தில் டோங் டூ தெருவில் 1935ல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய மசூதி வெள்ளையும் இளநீலமுமாக, மரநிழலோடு, நான்கு மினார்களுடன் இன்றும் தொழுகை நடக்கும் இடம். அதைச் சுற்றி இப்போது இந்திய, மலாய்ச் சாப்பாட்டுக் கடைகள் இருப்பதால் ஹலால் உணவு தேடுகிறவர்கள் முதலில் அங்கேதான் போகிறார்கள். பால்காரர், காவல்காரர், சந்தை வரி வசூலிக்கும் குத்தகைக்காரர் என்று இன்னும் பலர் தமிழர்.

வியத்நாமியர்கள் இவர்கள் எல்லோருக்கும் வைத்த பெயர் "சா வா". ஜாவாவிலிருந்து வந்தவர் என்பதன் திரிபு. ஜாவா எங்கே, ஜாவக்காரன் எங்கே! இங்கே நாம் எந்த ஜில்லாவிலிருந்து வந்தாலும், கேரளமோ ஆந்திரமோ, "மதறாஸி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடவில்லையா, அதே கதைதான். சைகோனின் சீனப் பேட்டையான சோலோனில் ஒரு பாலத்துக்கே சா வா பாலம் என்று பெயர்.

1954ல் புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது. அதே வருஷம் பிரெஞ்சுக்காரர்கள் வியத்நாமில் தோற்று மூட்டை கட்டினார்கள். தமிழர்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பினார்கள். எஞ்சியவர்களில் பெரும்பாலோர் 1975ஐ ஒட்டிக் கிளம்பினார்கள். சிலர் பிரான்சுக்குப் போனார்கள். சிலர் வியத்நாமிய மனைவியோடும் குழந்தைகளோடும் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்கள். மொழி தெரியாத ஊரில் மாமியார் வீட்டு அடுப்பங்கரையில் வந்து நின்ற அந்தப் பெண்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. அவர்கள் கொண்டு வந்த கைப்பக்குவம் மட்டும் புதுச்சேரியில் தங்கிவிட்டது. அரிசித் தாளில் இறைச்சியும் காயும் சுருட்டிப் பொரிக்கும் "நெம்" புதுச்சேரி வீடுகள் சிலவற்றில் விசேஷப் பலகாரம்.

என்ன சாப்பிடலாம்?

வாங்கியது போலவே கொடுத்துவிட்டும் வந்திருக்கிறார்கள் நம்மவர்கள். சைகோனில் "கா ரி" என்று கேட்டால் கொண்டு வந்து வைப்பார்கள். நம் கறிதான்! மஞ்சளும் கறிப்பொடியும் போட்டுத் தேங்காய்ப் பாலில் கொதிக்க வைத்த கோழி. கூடவே எலுமிச்சம் புல்லும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேர்ப்பது அவர்கள் கைவண்ணம். காரம் குறைவு, இனிப்புத் தூக்கல். அதைச் சோற்றோடு மட்டுமல்ல, நீளமான பிரெஞ்சு ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்தும் சாப்பிடுகிறார்கள். தமிழன் கறி, பிரெஞ்சுக்காரன் ரொட்டி, வியத்நாம் தேங்காய். மூன்று தேசத்துச் சரித்திரம் ஒரு கிண்ணத்தில்.

தோசைப் பிரியர்கள் "பான் ஸெயோ" கடையைத் தேட வேண்டும். அரிசி மாவு, மஞ்சள் தூள், தேங்காய்ப் பால் கரைத்துச் சூடான சட்டியில் ஊற்றினால் "ஸெயோ" என்று சத்தம் வருகிறது. அந்தச் சத்தமே பெயர். முறுகலாக வந்ததும் இறாலும் பன்றி இறைச்சியும் முளைகட்டிய பயறும் வைத்து மடிக்கிறார்கள். கீரை இலையில் ஒரு துண்டைச் சுற்றிச் சாப்பிட வேண்டும். "பான் ஹோய்" என்பது நம் இடியாப்பத்தின் தம்பி. நூல் இன்னும் மெல்லிசு. "கோம் தாம்" கேட்டால் சிரிப்பு வரும்: நொய்யரிசிச் சோறு! முறத்தில் புடைத்து ஒதுக்கியதை ஏழைகள் பொங்கித் தின்றது ஒரு காலம். இன்று சுட்ட இறைச்சி, முட்டையோடு அது சைகோனின் பெருமைக்குரிய காலைச் சாப்பாடு. "ஃபோ" என்கிற அரிசி நூடுல்ஸ் சூப்தான் வெளிநாட்டில் புகழ் பெற்றது. எலும்பு வெந்த சாற்றில் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ வாசனை வீசும். பெரும்பாலும் மாட்டிறைச்சி. வேண்டாதவர்கள் கோழி போட்டது கேட்கலாம்.

சைவர்கள் என்ன செய்வது? பயப்பட வேண்டாம். ஆனால் எச்சரிக்கை தேவை. அங்கே காய்கறிப் பதார்த்தத்திலும் "நுவோக் மாம்" என்ற மீன் சாறு உப்புக்குப் பதிலாக விழுந்துவிடும். "காய்கறி மட்டும்" என்று சொல்லிப் பயனில்லை. "சாய்" என்று சொல்ல வேண்டும். பிம்ப்ரியில் சாய் என்றால் கண்ணாடி டம்ளர் வரும். சைகோனில் சாய் என்றால் சைவம்! "ஆன் சாய்", அதாவது சைவம் சாப்பிடுகிறேன் என்று சொன்னால் போதும், கடைக்காரர் புரிந்து கொள்வார். புத்த மதத்தினர் அமாவாசையை ஒட்டியும் பவுர்ணமியிலும் சைவம் இருப்பதால், "சாய்" என்று பலகை மாட்டிய கடைகள் எல்லாப் பேட்டையிலும் உண்டு. சோயாவிலும் காளானிலும் சமைத்த பதார்த்தங்கள் அங்கே தாராளமாகக் கிடைக்கும்.

காப்பியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். டம்ளர் தலையில் தொப்பி மாதிரி ஒரு தகர வடிகட்டி உட்காருகிறது. பெயர் "ஃபின்". கும்பகோணத்து பித்தளை பில்டரின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக் கொள்ளலாம். சொட்டுச் சொட்டாக இறங்கும். கீழே டப்பாப் பால், அதாவது கெட்டியான இனிப்புப் பால் காத்திருக்கும். கலக்கி, ஐஸ் போட்டுக் குடிப்பார்கள். சிக்கரி இல்லாமலே அத்தனை கறுப்பு. காப்பி ஏற்றுமதியில் பிரேசிலுக்கு அடுத்தபடி வியத்நாம்தான். விளைவதில் பெரும் பகுதி ரொபஸ்டா ரகம். பிளாட்பாரத்தில் முழங்கால் உயரப் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் ஒரு டம்ளரை முக்கால் மணி நேரம் வைத்துக் கொண்டிருக்கலாம். யாரும் "எழுந்திரு" என்று சொல்வதில்லை.

பார்க்க வேண்டியவை

பிரெஞ்சுக்காரர் கட்டிய நோத்ர தாம் மாதா கோவில் 1880ல் முடிந்தது. செங்கல் கப்பலில் வந்ததாம், பிரான்சிலிருந்து. 2017 முதல் பழுது பார்க்கும் வேலைக்காகச் சாரம் கட்டினார்கள். பெரிய வேலை, வருஷக் கணக்கில் நீண்டுவிட்டது. எதிரே தபாலாபீஸ். 1891ல் முடித்த கட்டடம்; பெரிய ரயில்வே ஸ்டேஷன் மாதிரி வளைந்த இரும்புக் கூரை. ஐஃபெல் கோபுரம் கட்டியவர் கட்டியது என்று கைடுகள் அடித்துச் சொல்வார்கள். உண்மையில் ஃபூலூ என்ற சைகோன் சர்க்கார் கட்டடக்காரர் வரைந்தது. உள்ளே பழைய தந்திக் கம்பிப் பாதையின் படம் சுவரில் தீட்டியிருக்கிறது. பல மொழி தெரிந்த ஒரு முதியவர் அங்கே மேஜை போட்டு, எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தும் மொழிபெயர்த்தும் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். சில ஆண்டுகளுக்கு முன்தான் அந்த நாற்காலி காலியாயிற்று. தபாலாபீஸ் இன்றும் தபாலாபீஸாகவே நடக்கிறது. வீட்டுக்கு ஒரு கார்டு போடலாம்.

யுத்தத்தைப் பார்க்க மூன்று இடம். டாங்கி கேட்டை உடைத்துக் கொண்டு நுழைந்த சுதந்திர மாளிகை. யுத்த மிச்சங்களின் மியூசியம். ஊருக்கு வெளியே கூ சி சுரங்கங்கள். மியூசியத்தில் ஏஜெண்ட் ஆரஞ்ச் விஷம் தெளித்ததால் நேர்ந்த கோரங்களின் படங்கள் உண்டு. சிறு பிள்ளைகளை அந்த அறைக்கு அழைத்துப் போகாமல் இருப்பதே மேல். கூ சியில் மண்ணுக்கடியில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குடைந்து வாழ்ந்திருக்கிறார்கள். தொந்தியுள்ளவர்கள் குனிந்து நுழைவது சிரமம். அங்கே வருகிறவர்களுக்கு அவித்த மரவள்ளிக் கிழங்கும் வேர்க்கடலைப் பொடியும் தருகிறார்கள். கெரில்லாக்கள் தின்றது அதுதான். நம்மவர்களுக்கு அது புதிதல்ல. அதே இடத்தில் காசு கட்டித் துப்பாக்கி சுட்டுப் பார்க்கவும் வசதி வைத்திருக்கிறார்கள். அத்தனை பேர் செத்த பூமியில் அந்த வேடிக்கை தேவையா என்று அவர்கள்தான் யோசிக்க வேண்டும். அந்தப் பணத்துக்கு நாலு வேளை காப்பி குடிக்கலாம்.

மிருகக்காட்சி சாலை ஓரத்தில் சரித்திர மியூசியம். கூட்டம் இருக்காது, ஆனால் விஷ்ணுவும் சிவனும் அங்கே காத்திருக்கிறார்கள். நகரத்தார்களுக்கும் ஆயிரம் வருஷம் முந்திய கதை அது: நாட்டின் நடுப்பகுதியை ஆண்ட சம்பா அரசர்கள் சிவ பக்தர்கள். அவர்களுடைய மீ சோன் கோவில் தொகுதியைச் செப்பனிடும் பணியில் நம் தொல்பொருள் இலாகா ஈடுபட்டபோது, 2020ல் ஒன்பதாம் நூற்றாண்டு லிங்கம் ஒன்று முழுதாகக் கிடைத்தது.

அங்கே போக ரயில் இருக்கிறது. சைகோனிலிருந்து தலைநகர் ஹனோய் வரை 1,726 கிலோமீட்டர், 1936ல் முடித்த பாதை, முழுக்க மீட்டர் கேஜ்! தமிழ்நாட்டில் அகலப் பாதை வந்து மீட்டர் கேஜ் மறைந்து போனதில் வருத்தப்படும் ரயில் பிரியர்கள் அங்கே போய் ஆசை தீர உட்கார்ந்து வரலாம். யுத்தத்தில் துண்டாகிக் கிடந்ததை 1976 முடிவில் மறுபடி இணைத்தார்கள். முழுப் பிரயாணம் ஒன்றரை நாள். டா நாங்குக்கும் ஹுவேக்கும் இடையே மலையைச் சுற்றிக் கடலை ஒட்டிப் போகும் பகுதிக்காகவே டிக்கெட் எடுக்கிறவர்கள் உண்டு. சைகோன் நகரத்துக்குள் மெட்ரோ வந்தது 2024 டிசம்பர் 22ல்தான். அந்த விஷயத்தில் 2022 மார்ச்சிலேயே மெட்ரோ ஏறிய பிம்ப்ரிக்காரர்கள் முந்திவிட்டார்கள்.

தெருவைக் கடப்பதுதான் பெரிய சாகசம். மோட்டார் சைக்கிள் வெள்ளம் நிற்பதே இல்லை. ஓடக் கூடாது, நின்றுவிடவும் கூடாது. ஒரே சீராக மெதுவாக நடந்தால் வெள்ளம் இரண்டாகப் பிரிந்து வழிவிடும். எல்லார் தலையிலும் ஹெல்மெட். 2007 டிசம்பரில் கட்டாயமாக்கினார்கள், ஜனங்கள் போட்டுக் கொண்டார்கள். புனாவில் ஹெல்மெட்டுக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள் கவனிக்க.

செலவும் காலமும்

விசாவுக்குத் தூதரகம் போக வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் மூலமே வியத்நாம் சர்க்காருக்கு விண்ணப்பிக்கலாம். ஒருமுறை போய்வரக் கட்டணம் 25 டாலர். 2023 ஆகஸ்டு முதல் 90 நாள் வரை தருகிறார்கள். சர்க்காரின் சொந்தத் தளத்தைப் போலவே பெயர் வைத்துக் கூடுதல் பணம் பிடுங்கும் ஏஜெண்டுகளும் உண்டு, பார்த்துக் கட்டவும்.

பணத்தின் பெயர் டோங். ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டோங் வருகிறது. பத்தாயிரம் ரூபாய் மாற்றினால் முப்பது லட்சம்! லட்சாதிபதி ஆன சந்தோஷம் முதல் டீக்கடை வரைதான். பிளாட்பாரக் காப்பியே இருபதாயிரம், ஒரு கிண்ணம் ஃபோ ஐம்பதாயிரத்துக்கு மேல். இருபதாயிரம் நோட்டும் ஐந்து லட்சம் நோட்டும் இரண்டுமே நீலம், இரண்டிலும் ஹோ சி மின் படம். அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டால் ரூபாய்க் கணக்கில் ஆயிரத்து அறுநூறு போய்விடும். ஐந்து லட்சம் நோட்டைத் தனியே மடித்து வைத்துக் கொள்ள வேண்டும்.

மழை மே முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் பிற்பகலில் கொட்டிவிட்டு நின்றுவிடும். டிசம்பர் முதல் மார்ச் வரை போவது சவுகரியம். ஆனால் நடுவில் "டெட்" என்கிற அவர்கள் புதுவருஷம் வருகிறது. சந்திரனைக் கொண்டு கணக்கிடுவதால் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ விழும். நம் தீபாவளிக்குப் பிம்ப்ரி காம்புகள் காலியாவதுபோல் அந்தச் சில நாட்களில் சைகோனில் பிழைக்க வந்தவர்கள் எல்லாம் சொந்த ஊருக்கு ரயிலேறிவிடுவார்கள். கடைகள் பாதிக்கு மேல் அடைப்பு, ரயிலில் டிக்கெட் கிடையாது. ஊரில் தங்கியவர்கள் புதுத் துணி உடுத்தி, புதுவருஷப் பிரார்த்தனைக்காகக் கோவில் கோவிலாகப் போவார்கள். அந்த நாட்களில் ட்ரூங் டின் தெரு மாரியம்மன் சன்னதியில், பின்சுவரைத் தொட வேண்டுமானால் வரிசையில் நிற்க வேண்டும்.